ஒரு தேதியைத் திருத்த எத்தனை ஜென்மம் வேணும்?

ராணுவத்துல ஒரு தோட்டா காணாமப் போனா உடனே விசாரணை வைப்பாங்க. அதே ராணுவத்தோட பதிவேட்டுல ஒரு ஆளோட பிறந்த வருஷமே தப்பாக் கிடந்தா? "அது உங்க பாடு, நீங்கதான் நிரூபிக்கணும்"னு பதில் வரும். இந்த அநியாயத்தைப் பத்தி இன்னிக்குக் கொஞ்சம் காட்டமாவே எழுதறேன். பொறுத்துக்கோங்க மக்களே.

ஜெனரல் வி.கே.சிங் விவகாரம் ஞாபகம் இருக்கா? தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு அவர் போட்ட விண்ணப்பத்துல பிறந்த தேதி 10 மே 1950. மெட்ரிகுலேஷன் சான்றிதழ்ல 10 மே 1951. ராணுவத் தலைமையகத்துல ஒரு கிளை 1950-ன்னு வச்சிருந்தது, இன்னொரு கிளை 1951-ன்னு வச்சிருந்தது. ஒரே தலைமையகம், ஒரே மனுஷன், ரெண்டு பிறந்தநாள்! 2012 ஜனவரியில தளபதியா பதவியில இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரே 1950-ஐ ஏத்துக்கிட்டு எழுதிக்கொடுத்த கடிதங்களை நீதிமன்றம் சுட்டிக்காட்ட, பிப்ரவரி 10 அன்னிக்கு மனுவைத் திரும்பப் பெற்றார். மே 31-ல ஓய்வும் பெற்றார்.

அவர் பக்கம் நியாயமா, அரசு பக்கம் நியாயமான்னு நான் பட்டிமன்றம் நடத்த வரலை. தளபதியோட ஃபைலையே இத்தனை வருஷம் ஒத்துப்பார்க்காதவங்க, ஒரு சிப்பாயோட ஃபைலை எந்த லட்சணத்துல வச்சிருப்பாங்க?

கெடு வேணும்னு வாதாடறவங்க சொல்றதையும் கேப்போம். மத்திய அரசு ஊழியர் வேலைக்குச் சேர்ந்த 5 வருஷத்துக்குள்ள பிறந்த தேதித் திருத்தம் கேக்கணும்னு விதி. ஓய்வு பெறப்போற நேரத்துல வந்து கேக்காதேன்னு 1993-ல ஹர்னாம் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. நியாயம்தான். ஒருத்தர் வயசைக் குறைச்சா அவருக்குப் பின்னாடி நிக்கறவரோட பதவி உயர்வு தள்ளிப்போகும். ஒத்துக்கறேன்.

ஆனா ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்கும், அவரோட விதவைக்கும் எதுக்குங்க அதே சந்தேகக் கண்ணு? இவங்க தேதியைத் திருத்தினா யாரோட புரமோஷன் போகுது?

எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க. கணவர் ஹவில்தாரா இருந்து ஓய்வு பெற்றவர், இப்ப இல்லை. அந்தம்மா பிறந்தது 1942. பதிவேட்டுல 1948. கல்யாணம் ஆன புதுசுல யூனிட் கிளார்க் யாரோ குத்துமதிப்பாப் போட்டது. இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கறீங்களா? 80 வயசு ஆனா குடும்ப ஓய்வூதியத்துல 20 சதவீதம் கூடுதல். 85-ல 30, 90-ல 40, 95-ல 50, நூறு தொட்டா 100 சதவீதம். குறைந்தபட்சமான 9,000 ரூபாய்க்கே கணக்குப் போட்டாலும் மாசம் 1,800. அதுக்கு மேல அகவிலைப்படி வேற. 2022-லயே வரவேண்டிய பணம் 2028-லதான் வரும்னா, 80 வயசுக்காரிகிட்ட ஆறு வருஷம் காத்திருன்னு சொல்ல எப்படிய்யா மனசு வருது?

மனு எழுதிக்கொடுத்தது நான்தான். முதல் பதில்ல ஆதார் கேட்டாங்க, அனுப்பினோம். அடுத்து அஃபிடவிட், அனுப்பினோம். மூணாவது பதில், "பள்ளிச் சான்றிதழ் அனுப்பவும்". பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிழவி சான்றிதழுக்கு எங்க போவாங்க? ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாதுன்னு 2024-ல உச்ச நீதிமன்றமே சொன்னது தெரியும். அப்படின்னா கிளார்க் குத்துமதிப்பா எழுதின 1948-க்கு மட்டும் என்ன ஆதாரமாம்? அதைக் காட்டச் சொல்லி ஏன் யாரும் கேக்கறதில்லை?

நம்ம ஊர்ல வயசுங்கறதே தலையைச் சுத்தி எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுக் காட்டினதுல வந்ததுதானே! ஹெட்மாஸ்டர் போட்டதுதான் பிறந்த தேதி. அந்தத் தலைமுறைகிட்ட போய் காகிதம் காகிதம்னா?

நான் கேக்கறது மூணே விஷயம். ஒண்ணு, பதிவேட்டுல இருக்கற தேதிகளை அச்சடிச்சு, சர்வீஸ்ல இருக்கும்போதே சிப்பாய் கையில குடுங்க, சரிபார்க்கட்டும். ரெண்டு, ஓய்வு பெற்றவங்க, விதவைகள் மனுவுக்குத் தனி வழி வைங்க. மூணு, என்னென்ன காகிதம் வேணுமோ மொத்தமா ஒரே கடிதத்துல கேளுங்க. தவணை முறையில கேக்காதீங்க.

வேலூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் பட்டாளத்து வீடுங்க இருக்கு. உங்க வீட்டுலயும் இருந்தா இன்னிக்கே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மனைவியோட பேரும் தேதியும் ஒத்துப்போகுதான்னு முக்கியமாப் பாருங்க. அவர் உயிரோட இருக்கும்போதே கேட்டா ஒரு கையெழுத்தோட போகும். அப்புறம் கேட்டா அந்தம்மா தனியா அலையணும்.

டிஸ்கி: எல்லா அலுவலகத்தையும் திட்டலை. ஒரே கடிதத்துல வேலையை முடிச்சுக் குடுக்கற நல்லவங்களும் இருக்காங்க. அவங்க கையில இந்த ஃபைல் போய்ச் சேரட்டும்!