படம் பிடித்தது சரி, யாரைக் கேட்டுப் பிடித்தாய்?

இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வரி எழுதினேன். "கண்ணு, அந்தப் பிள்ளைகள் படத்தை மட்டும் எடுத்துவிடு." அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் படிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. "டீச்சர், இன்னும் பிரம்பைக் கீழே வைக்கலையா?" என்று ஒருத்தன். "ஊருக்குப் போனவன் ஆசையாப் போட்டோ போட்டிருக்கான், அதுல என்னங்க தப்பு?" என்று இன்னொருத்தி. என் கொழுந்தனார் தனியாகவே கூப்பிட்டு, "அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார். வம்புதான். ஒரு வரியில் சொன்னது புரியவில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

பயணம் போனவன் பெயரைச் சொல்லமாட்டேன். பெங்களூரில் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான். வரைபடத்தில் நதிகளைக் குறிக்கச் சொன்னால் காவிரியை அரபிக்கடலில் கொண்டுபோய் விட்டவன். அவன் பெண்டாட்டி பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு மைசூர், பந்திப்பூர், முதுமலை, ஊட்டி, பொள்ளாச்சி, வால்பாறை, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி, கொச்சி, மூணாறு, தேனி, மதுரை, ராமேஸ்வரம் என்று 11 நாள் சுற்றி, ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தானே ஓட்டி வந்திருக்கிறான் என்றால் எனக்குப் பெருமையா இருக்காதா? 412 படம் போட்டிருந்தான். ஒன்று விடாமல் பார்த்தேன். ஆழியாரிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்று எடுத்த அணைக்கட்டுப் படம், ரோட்டோரத் தடுப்புச் சுவர்மேல் நிற்கும் வரையாடு, அரிச்சல்முனையில் மணல், எல்லாம் அருமை. முதுமலைக் காட்டுக்குள் யானை நின்றபோது வண்டியை நிறுத்தி இறங்கவில்லை என்று எழுதியிருந்தான். அதற்குத் தனியாக ஒரு சபாஷ். அங்கே இறங்கி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு நாளைக்கும் முடியாது.

என் சண்டை 412 படத்தோடு இல்லை. எண்ணிப் பார்த்தேன், 31 படத்தோடு. தேயிலைக் காட்டில் வேலை செய்யும் பெண்கள். தனுஷ்கோடியில் சங்கு, பாசிமணி விற்கும் ஒரு கிழவி. அப்புறம், எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வரிசையாக நிற்கவைத்து, கையில் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து எடுத்த ஐந்து பிள்ளைகள். இந்தக் கடைசிப் படம் குழுவோடு நிற்கவில்லை, ஃபேஸ்புக்கிலும் போயிருக்கிறது. அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தது: "எதுவுமே இல்லாமலும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. கள்ளம் கபடமில்லாத சிரிப்பு. இதுதான் சொர்க்கம்."

எதுவுமே இல்லை என்று உனக்கு யார் சொன்னார்கள்? அந்த வாசலில் நீ எவ்வளவு நேரம் நின்றாய்? பத்து நிமிஷமா? ஐந்து பிள்ளைகளில் ஒருத்தர் பெயராவது தெரியுமா? கேட்டேன். தெரியவில்லை.

சொர்க்கம் என்கிறாயே, அந்த லைன் வீட்டுக்குப் பின்னால் படத்தில் பச்சையாகத் தெரிகிறது பார், அந்தப் புதர் வழியாகத்தான் சிறுத்தை வரும். 2025 ஜூனில் வால்பாறையில் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் சின்னப் பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலேயே சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அது முதல் தடவையும் இல்லை. சாயங்காலமானால் பிள்ளையை வெளியே விட அஞ்சும் தாய்மார் இருக்கிற இடம் அது. அந்த மலைக்கு ஆட்களைக் கொண்டுபோன கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பி. எச். டேனியல் என்ற டாக்டர் எழுதிய புத்தகம் இருக்கிறது. அங்கேயே வைத்தியம் பார்த்தவர், தொழிற்சங்கமும் நடத்தியவர். ஆங்கிலத்தில் 1969-இல் வந்தது, தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று மொழிபெயர்த்தார். 'பரதேசி' படம் பார்த்து அழுதவர்கள் நம் குழுவிலேயே எத்தனை பேர்! அதே புத்தகத்திலிருந்து எடுத்த படம்தான். தியேட்டரில் அழுதுவிட்டு, அதே மலைக்குக் கார் எடுத்துப் போனதும் சொர்க்கம் என்று எழுதுகிறோம்.

சரி, தலைப்பை மாற்றிவிடுகிறேன் டீச்சர், படம் இருக்கட்டும் என்கிறான். இல்லை கண்ணு, படம்தான் பிரச்சினை.

"அவங்களே சிரிச்சாங்க, வேண்டாம்னு சொல்லலையே" என்று ஒரு வாதம் வந்தது. இதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 34 வருஷம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். கொஞ்சம் குரலை உயர்த்தி "வரிசையா நில்லு" என்றால் எந்தப் பிள்ளையும் நிற்கும். "சிரி" என்றால் சிரிக்கும். "கையைத் தூக்கு" என்றால் தூக்கும். ஏன், எதற்கு என்று கேட்காது. அந்தக் கீழ்ப்படிதலை வைத்துத்தான் நாங்கள் பள்ளிக்கூடமே நடத்தினோம். அதைச் சம்மதம் என்று எந்த வாத்தியாராவது சொன்னால், அவருக்குப் பிள்ளைகளைத் தெரியாது என்று அர்த்தம். அதிலும் காரில் வந்து இறங்கிய வெள்ளைச் சட்டைக்காரர், கையில் பிஸ்கட். எந்தப் பிள்ளை வேண்டாமென்று சொல்லும்? அம்மா அப்பா இருவரும் அந்த நேரத்தில் மலைமேல் வேலையில் இருந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டாயா?

"பொது இடம் டீச்சர், யாரும் எடுக்கலாம்." லைன் வீட்டு வாசல் பொது இடமா? உன் பெங்களூர் அடுக்குமாடி வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, உன் மகளை நைட்டியோடு நிற்கவைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுக்கட்டும். செக்யூரிட்டி வருவதற்கு முன்னால் நீ வந்திருப்பாய்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எல்லாப் படத்தையும் பார்த்தேன் என்றேனே. அவன் மகள் வருகிற படம் எல்லாவற்றிலும், பாம்பன் பாலத்தில் காற்றில் தலைமுடி பறக்க நிற்கிற அந்த அழகான படத்தில்கூட, குழந்தை முகத்தின்மேல் ஒரு மஞ்சள் இதயத்தை ஒட்டியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "சின்னக் குழந்தை முகத்தை நெட்ல போடக்கூடாது டீச்சர், யார் எதுக்கு எடுப்பாங்கன்னு தெரியாது, அவ அம்மா ஒத்துக்கமாட்டா." நல்ல அம்மா. சரியாகச் செய்தாள். அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து அம்மா இருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு மஞ்சள் இதயம் எங்கே? ஒட்டுகிற படம் தீர்ந்துபோய்விட்டதா?

என் ஆத்திரம் இங்கேதான் இருக்கிறது. பிரம்பு, வம்பு என்று பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடம் மலைக்குப் போகும் ரோட்டோரம் இருந்தது. சுற்றுலாக் கார்கள் நிற்கும். ஒரு வருஷம் ஒரு கூட்டம் நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, நோட்டைக் கொடுத்து, படம் சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுத்தார்கள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வலது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள். "வலது கையால வாங்கு பாப்பா" என்று அந்த அம்மாள் அதட்டினார். சட்டை அக்குளில் கிழிந்திருந்தது, அதை மறைக்கத்தான் அப்படி நின்றாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தன் மானம் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கவைத்தே எடுத்தார்கள்.

அவள் இப்போது நர்ஸ். சில வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழைய படம் ஒரு பக்கத்தில், நன்கொடை கேட்கும் வாசகத்தோடு வந்தது. அவளோடு வேலை செய்கிறவர் ஒருவர்தான் பார்த்துவிட்டு, "இது நீங்களா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "டீச்சர், என் கல்யாண போட்டோகூட நான் வெளியில போட்டதில்லை, இது மட்டும் எப்படிங்க ஊர் பூரா சுத்துது?" என்றாள். அந்தப் பக்கத்துக்கு நான் மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. இதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாமென்றாள்.

நம் ஊரில் மட்டும்தானா இது? 1984-இல் பெஷாவர் பக்கம் அகதி முகாமில் ஓர் ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார்கள். 1985-இல் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்களை உலகமே பார்த்தது. அவள் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரியவந்தது 2002-இல். அந்தப் படத்தை அவள் முதன்முதலில் பார்த்ததும் அப்போதுதான். 17 வருஷம் அந்த முகம் எல்லோருக்கும் சொந்தம், அவளைத் தவிர.

அந்தமானில் ஜாரவா மக்கள் இருக்கும் காட்டின் வழியாக ஒரு நெடுஞ்சாலை போகிறது. வண்டிகளை வரிசையாகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, சாப்பிடக் கொடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும் சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-இல் வெளியாகி உலகம் முழுக்க நாறியது. அதை எடுத்தவர்களும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள்தான். பிஸ்கட் பாக்கெட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை.

கொழுந்தனார் சொன்ன வாதம் ஒன்று பாக்கி. "உதவி செஞ்சதைக் காட்டினாத்தான் அண்ணி நாலு பேர் செய்வாங்க." காட்டுங்களேன்! பிஸ்கட் பாக்கெட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். கடை பில்லைப் போடுங்கள். உங்கள் முகத்தைப் போடுங்கள், அது உங்களுடையது. கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக்கொடுத்து, வெளிச்சமே வராத அளவுக்கு அதில் பேர் எழுதுகிற உபயதாரரைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அவராவது ட்யூப்லைட்டில்தான் எழுதினார். பிள்ளைகள்மேல் எழுதவில்லை.

அப்படியென்றால் மனிதர்களையே எடுக்கக்கூடாதா என்றால், யார் சொன்னது? இதே 412-க்குள் ஒரு படம் இருக்கிறது. மலக்கப்பாறையில் டீக்கடை அக்கா. அவரிடம் கேட்டிருக்கிறான். "இரு தம்பி" என்று உள்ளே போய் முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து, கல்லாப் பக்கம் நிமிர்ந்து நின்றிருக்கிறார். பெயரை எழுதியிருக்கிறான், சுக்குக் காபி எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறான், படத்தை அங்கேயே அவர் போனுக்கு அனுப்பியும் இருக்கிறான். அந்த அக்கா அதைத் தன் வாட்ஸ்அப் படமாகவே வைத்துக்கொண்டாராம். எனக்கு 412-இல் ஆகப் பிடித்தது அதுதான். தெரியாமல் செய்கிறான் என்று சொல்லமுடியாது பாருங்கள். கடை வைத்திருப்பவரிடம் கேட்கத் தோன்றியது. லைன் வீட்டுப் பிள்ளைகளிடம், தனுஷ்கோடிக் கிழவியிடம் கேட்கத் தோன்றவில்லை. அது ஏன் என்று அவனே யோசிக்கட்டும்.

'பகிர்ந்தேன்' என்று போடுகிறீர்களே, யாரோடு பகிர்ந்தீர்கள்? ஐந்து பிள்ளைகள் படம் நம் குழுவில் 180 பேருக்கு வந்தது. அதற்குமேல் ஃபேஸ்புக்கில் எத்தனை பேரோ. அந்த ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்குப் போனதா? அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தால், காசு கொடுக்க முடியாத பிள்ளைக்கும் எப்படியாவது ஒரு பிரதி போய்ச் சேரப் பார்ப்போம். உங்களில் சிலர் வீட்டில் அது இன்னும் மாட்டியிருக்கும். இன்றைக்கு அனுப்ப ஒரு பைசா செலவில்லை, ஆனால் படத்தில் இருப்பவருக்கு மட்டும் அனுப்புவதில்லை.

கண்ணு, நேரடியாக உனக்கு. ஃபேஸ்புக்கில் இருப்பதை இன்றைக்கே எடு. குழுவிலிருந்து எடுக்கமுடியாது என்றால் அட்மினிடம் சொல், அவன் அழிப்பான், அவனும் என்னிடம் படித்தவன்தான். அந்த 31 படத்தையும் எனக்குத் தனியாக அனுப்பு. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று ஞாபகம் இருந்தால் எழுது. வால்பாறையில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். இங்கே பிரிண்ட் போட்டு அவர் மூலம் அந்த ஐந்து வீட்டுக்கும் சேர்த்துவிடுகிறேன். பிஸ்கட் தெரியாமல் வெட்டித்தான் பிரிண்ட் போடுவேன். செலவை நீதான் கொடுக்க வேண்டும். பெயர்கள் தெரிந்ததும் உனக்குச் சொல்கிறேன்.