போர்ட்டிகோவில் நிற்கும் கார்

நம் பக்கத்தில் இந்தத் தடவை சமையலும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. கார்! சிரிக்காதீர்கள். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தைப் படித்த பிறகு, இதை ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய கணவர் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மஸ்கட் போயிருக்கிறார். போய் ஆறு மாதம் ஆகிறது. கார் போர்ட்டிகோவில் நிற்கிறது. தினமும் காலையில் மாமனார் வந்து ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறாராம். அப்படியும் பேட்டரி இரண்டு தடவை செத்துவிட்டது. எலி வாடை வேறு. அதற்காக ஸீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள். “அவர் ஆசை ஆசையாக வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை. வந்து பார்க்கும்போது துருப்பிடித்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்?” என்று கேட்கிறார். வீட்டில் நாலு வயசில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று.

சகோதரி, முதலில் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லி அந்த ஐந்து நிமிஷ ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து போகிற சக்தி, நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமுவதால் முழுசாகத் திரும்பி வருவதில்லை. தினம் ஒரு ரூபாய் எடுத்து எட்டணா போட்டால் உண்டியல் என்ன ஆகும்? தவிர, பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியே போய்விடும். அரைச் சூட்டில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கித் துருவை வளர்க்கும். ஷட்டர் போட்ட ஷெட்டில் இப்படிச் செய்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே சாய்த்துவிடும்.

ஓட்டத் தெரிந்த நம்பகமான ஆள் இருந்தால் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டி வரச் சொல்லுங்கள். அதில் பத்து நிமிஷம் ஏ.சி.யும் ஓடட்டும். இதற்கு மிஞ்சிய பராமரிப்பு கிடையாது. ஆள் இல்லை என்றால், காரை முறையாகத் தூங்கப் போட்டுவிடுவதுதான் உத்தமம்.

மெக்கானிக்கை ஒரு நாள் வரவழைத்துப் பழைய ஆயிலை மாற்றிவிடுங்கள். டயரில், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட மூன்று நாலு பவுண்டு கூடுதலாகக் காற்று அடிக்கலாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அதனால் மாதம் ஒரு தடவை இரண்டு பேர் சேர்ந்து, சமதரையில், சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும் அளவு தள்ளி வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டே வைத்திருந்தால் அது ஒட்டிக்கொண்டு பிடித்துவிடும். முதல் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்தால் போதும். டாங்க்கில் பெட்ரோல் நிறைய இருக்கட்டும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாங்க்கில் காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். ஆனால் அதையே வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியாது. பெட்ரோலும் பழசாகும்.

பேட்டரி விஷயம் நாமே செய்யக்கூடியது. கார் நின்றாலும் கடிகாரம், அலாரம் என்று அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கை வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். உலோக வளையல் குறுக்கே பட்டால் பொறி பறக்கும். மைனஸ் பக்கத்தை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். ஒன்று ஞாபகமிருக்கட்டும்: இணைப்பு போன பிறகு ரிமோட் வேலை செய்யாது. எனவே மற்றக் கதவுகளை முன்பே பூட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பானெட்டை மூடி, டிரைவர் கதவைச் சாவியால் பூட்டுங்கள். மாதம் ஒரு முறை பேட்டரி கடைக்காரரை அளந்து பார்க்கச் சொன்னால் நல்லது. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

எலிக்கு வருவோம். இதில் நான் பட்டவள். பெண்ணின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பினோம். மெக்கானிக் தம்பி பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே பஞ்சும் காகிதமுமாக அழகாக ஒரு பிரசவ அறை! வயரிங்கையும் விட்டு வைக்கவில்லை. எல்லாம் பேரன் ஸீட் இடுக்கில் சிந்தியிருந்த பிஸ்கட் தூள் செய்த உபசாரம். ஆகவே ஸீட், மேட் எல்லாவற்றையும் உதறிப் பெருக்கி, ஒரு துணுக்குத் தீனிகூட இல்லாமல் செய்யுங்கள். பக்கத்தில் அட்டைப் பெட்டி, கோணி, குப்பைக் கூடை வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து வைத்தால் எலிக்கு அந்த வெளிச்சமும் நடமாட்டமும் பிடிக்காது. மூடுவதற்குப் பிளாஸ்டிக் வேண்டாம். அடியில் ஈரம் தேங்கி மழைக்காலத்தில் ஸீட்டெல்லாம் பூசணம் பூக்கும். காற்று புகும் துணி உறைதான் சரி.

பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நாப்தலின். மூடின காருக்குள் அதன் ஆவி நிறைந்து நிற்கும். ஜி6பிடி குறைபாடு என்று பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலினைச் சுவாசித்தாலோ வாயில் போட்டாலோ ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைந்து, கடுமையான சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். வெள்ளை வெளேரென்று மிட்டாய் மாதிரி இருப்பதை நாலு வயசுக் குழந்தை விட்டு வைக்குமா?

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சும்மா நிற்கும் கார் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு. 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோனார்கள். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி போல சூடு ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் கொதிக்கும். பின் கதவில் ‘சைல்ட் லாக்’ போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. பேட்டரியைக் கழற்றிய காரில் ஹாரனும் அடிக்காது! டிக்கி உள்பட எல்லாவற்றையும் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஓடிப் பார்க்க வேண்டிய இடம் கார்தான்.

ஓடாத காருக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்று விட்டுவிடாதீர்கள். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் சென்னையில் வாசலில் நின்ற கார்கள்தானே மூழ்கின? முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இத்தனை வருஷம் சேர்த்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. எல்.எல்.ஆர். வாங்கினால் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் டெஸ்ட்டுக்குப் போகலாம். பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அத்தையிடம் குழந்தைகளைக் காலையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியுமா? பதில் எழுதுங்கள்.