கீழ்ப்பழனி மலை ஆரஞ்சு விவசாயிகளின் கொள்கைப் பிரகடனம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பாச்சலூர் ஊர்களில் காப்பிக்கு ஊடே கமலா ஆரஞ்சு வளர்த்த குடும்பத்தினராகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம்.

காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு என ஒரே காட்டில் நான்கு வருமானம் பார்த்த மலை இது. ஒன்றுக்கு விலை விழுந்தால் இன்னொன்று கைகொடுக்கும். அந்த நான்கில் ஆரஞ்சு எங்கள் கண்ணெதிரே போனது. நுனிக்கிளை காய்ந்தது. இலை நரம்புக்கு ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் பச்சையுமாகத் திட்டு விழுந்தது. பழம் கோணலாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்று கசந்தது.

மலைக்கு ராசி போய்விட்டது என்பார்கள். ராசியில்லை, நோய். கிரீனிங், டிரிஸ்டிசா வைரஸ், நூற்புழு, வேரழுகல் எல்லாம் சேர்ந்து தின்றன. இவற்றில் கிரீனிங்குக்கு இன்றுவரை மருந்தில்லை. துளிரில் சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி அதை அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரப்பும். நோயுள்ள மரத்தில் மொட்டெடுத்துக் கட்டிய ஒட்டுநாற்றோ லாரியேறி ஊர் ஊராகக் கொண்டுபோகும்.

1997–98-இல் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு பறித்தது அமெரிக்காவின் ஃபுளோரிடா. 2005-இல் அங்கே கிரீனிங் தென்பட்டது. நோயோடு புயல்களும் சேர, 2024–25-இல் விளைச்சல் சுமார் 1.2 கோடிப் பெட்டிக்கு இறங்கிவிட்டது. பணமும் இயந்திரமும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. தனித்தனியாக மருந்தடித்து நாம் தப்ப முடியாது.

ஆகவே உறுதி ஏற்கிறோம்:

1. சான்று பெறாத நாற்றை இலவசமாகக் கொடுத்தாலும் நட மாட்டோம்.

2. கிரீனிங் உறுதியான மரத்தை, நாலு காய் காய்க்கிறதே என்று விட்டுவைக்காமல் வேரோடு எடுப்போம்.

3. துளிர்ப் பருவத்தில் பூச்சிக்கட்டுப்பாட்டை ஊரே ஒரே வாரத்தில் செய்யும். வேலியோரக் கறிவேப்பிலையும் கணக்கில் வரும். சைலிட் அதிலும் பெருகும்.

4. பூவிலேயே மரத்தைக் குத்தகைக்குப் பேசமாட்டோம். பறித்து, தரம் பிரித்து, சேர்ந்தே விற்போம்.

அரசிடம் கேட்பது: தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி புகாத வலைக்கூடத்துக்குள் தாய்மரங்கள் வளர வேண்டும். ஒவ்வொரு தாய்மரத்தின் பரிசோதனை முடிவும் விவசாயி பார்க்கும்படி பலகையில் எழுதப்பட வேண்டும். குடகு ஆரஞ்சும் நாக்பூர் ஆரஞ்சும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. எங்கள் பழத்துக்கும் கேட்போம். மரம் நின்ற பிறகு.

நட்டது காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாகும். பொறுக்கத் துணிந்தவர்கள் கையெழுத்திடுங்கள். இட்டதும் முதல் வேலை, அவரவர் தோட்டத்தில் நோய்க்குறி தெரியும் மரங்களுக்குச் சாயம் பூசி, பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வைப்பது.