மணியைத் திருத்தாதே, விதியைத் திருத்து!

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் துறை)

கம்ப்யூட்டரில் மணி தப்பாகக் காட்டினால் நாம் என்ன செய்கிறோம்? மூலையில் இருக்கும் கடிகாரத்தைக் கிளிக் செய்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியான மணியை வைத்துவிட்டு எழுந்து போகிறோம். "இதெல்லாம் ஒரு ஃபால்ட்டா?" என்று சிரிக்கவும் செய்கிறோம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு ஒரு அக்காவின் ஒரு ராத்திரிக் கூலியைத் தின்றுவிட்டது. அதனால்தான் நம் ஆண்டு மலரில் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு அலுவலகத்தில் இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் வேலையை இங்கிருந்து ராத்திரியில் செய்து தரும் இடம். அங்குள்ள கம்ப்யூட்டர்களில் நம் ஊர் மணி இருக்காது. நியூயார்க் மணிதான் ஓடும். வேலை செய்பவர்களுக்கு ஃபைல் கணக்கில் கூலி. எத்தனை ஃபைல் முடிக்கிறார்களோ அத்தனைக்குப் பணம்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை. எல்லா சிஸ்டத்திலும் மணி ஒன்றாக இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் சரியாக ஒரு மணி நேரம் பின்தங்கி இருந்தது. அதில் வேலை பார்க்கும் அக்கா, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்ப்பா" என்றார்கள். சீனியர் அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை. அட்மின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. போதாதா?

மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். ரீஸ்டார்ட் செய்ததும் பழைய மணிக்கே திரும்பிவிட்டது. மறுபடி தள்ளினேன், மறுபடி திரும்பியது. "ஓஹோ! சர்வரோடு மணியை ஒத்துப்பார்க்கிற சர்வீஸ்தான் கெடுக்குது" என்று நானே தீர்ப்பு எழுதி, அந்த சர்வீஸையே நிறுத்தினேன். இப்போது மணி நிலைத்தது. "தேங்க்ஸ்ப்பா" என்றார்கள் அக்கா. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சர்வரில் இருந்த ஃபைல்கள் திறக்க மறுத்தன. சர்வருக்கும் இந்த சிஸ்டத்துக்கும் நேரம் வித்தியாசப்படுகிறது என்று திரையில் செய்தி வந்தது. எனக்குத் தலை சுற்றியது. இப்போதுதானே சரி செய்தேன்? பக்கத்து சிஸ்டத்தில் காட்டுகிற மணிதானே இதிலும் காட்டுகிறது? கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். இன்னும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். சீனியர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார். காலியான சிஸ்டமும் இல்லை. விடியும்வரை அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ரிஜிஸ்டரில் "சிஸ்டம் ப்ராப்ளம்" என்று எழுதினார்கள்.

சிஸ்டத்துக்கு ஒரு ப்ராப்ளமும் இல்லை நண்பர்களே. ப்ராப்ளம் நான்தான்!

அவர்கள் ஏன் மணியை மாற்றுகிறார்கள்?

சென்னையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் பொழுதில் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நியூயார்க்கில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம். கோடையில் விடிந்து வெகு நேரம் ஆகியும் ஊர் தூங்கும். அந்த வெளிச்சத்தை சாயங்காலத்துக்குத் தள்ளலாம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கிறார்கள். இதுதான் டேலைட் சேவிங். இதை வீட்டில் சொன்னபோது எங்க அம்மா, "மணியை மாத்தினா சூரியன் கேக்குமா?" என்றார்கள். கேட்காது. மாறுவது மணிக்கு நாம் வைக்கும் பெயர் மட்டும்தான். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதி ஃபால்ட் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி ஒரேயடியாக 3 மணியாகிறது. நியூயார்க்கில் அப்படி நடக்கும்போது நமக்கு ஞாயிறு மதியம் 12.30, சோறு சாப்பிடும் நேரம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அங்கே காலை 8 மணி என்றால் இங்கே சாயங்காலம் 6.30 ஆக இருந்தது 5.30 ஆகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு வரை இப்படித்தான். நம் ஊரில் ஒரு கடிகாரமும் மாறாமலேயே, ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முந்தி பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் மூன்று அடுக்கு

முதல் அடுக்கு, மதர்போர்டில் இருக்கும் கடிகாரம். கரண்ட் இல்லாதபோதும் 3 வோல்ட் காசு பேட்டரியில் ஓடுவது.

இரண்டாவது, ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளே வைத்திருக்கும் உலகப் பொது நேரம். யுடிசி என்பார்கள். டெல்லிக்கும் டெட்ராய்ட்டுக்கும் அது ஒன்றுதான். நெட்வொர்க்கில் மணியை ஒத்துப்பார்ப்பது இந்த அடுக்கைத்தான். அதற்கான என்டிபி முறையை டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்துக் கொடுத்தார். அதன் வழியாக வருவது யுடிசி மட்டுமே. கோடை, குளிர், நியூயார்க், சென்னை எதுவும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது, நேர மண்டலமும் அதன் விதியும். "இந்த ஊருக்கு யுடிசியிலிருந்து இத்தனை மணி கழி, இந்தத் தேதி முதல் ஒரு மணி கூட்டு" என்கிற கணக்கு. திரையில் நாம் பார்க்கும் மணி, இந்தக் கணக்கின் விடை.

அக்காவின் சிஸ்டத்தில் முதல் இரண்டு அடுக்கும் சரி. மூன்றாவதில், டேலைட் சேவிங்குக்குத் தானாக மாறும் சுவிட்சை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்! நான் என்ன செய்தேன்? விடை தப்பாக வருகிறதே என்று உள்ளே இருந்த யுடிசியையே ஒரு மணி நேரம் நகர்த்திவிட்டேன். பால் சொசைட்டியில் அளக்கிற படி சரியாக இருக்கிறது. நோட்டில் பழைய விலை எழுதியிருக்கிறது. பணம் குறையுதே என்று படியை நெளித்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தேன். ஒத்துப்பார்க்கும் சர்வீஸ் பாவம், நெளிந்த படியைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தியது. அதையும் நான் நிறுத்தினேன்.

சர்வர் ஏன் கதவைச் சாத்தியது? விண்டோஸ் சர்வர்கள் ஆளை அடையாளம் பார்ப்பது கெர்பரோஸ் முறையில். பழைய அனுமதிச் சீட்டை யாரும் திருடி மறுபடி நீட்டிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு பக்க நேரமும் ஐந்து நிமிஷத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான கட்டுப்பாடு. அது பார்ப்பது திரையில் தெரியும் மணியை அல்ல, யுடிசியை. மண்டலம் தப்பாக இருந்தவரை சர்வர் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் மணியை நான் "சரி" ஆக்கியதும் கம்ப்யூட்டர் உண்மையிலேயே தப்பாகிவிட்டது.

தொடுவதற்கு முன் அளந்து பார்

இதிலிருந்து நான் கற்றது ஒன்றே. மணி எவ்வளவு தப்பு என்பதை முதலில் ஒரு காகிதத்தில், விநாடி சுத்தமாக எழுத வேண்டும். ஃபால்ட் எங்கே என்று அந்த அளவே காட்டிக்கொடுக்கும்.

சரியாக ஒரு மணி நேரம் தப்பா? மூன்றாவது அடுக்கு. டேலைட் சேவிங் சுவிட்சையும் விதியையும் பார். அவை சரியாக இருந்தால், நமக்கு முன்னால் யாராவது கையால் தள்ளினார்களா என்று விசாரி.

சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பா? நம் லேபிலேயே பார்த்திருக்கிறோமே! ஒரே சிஸ்டத்தில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் வரும் சண்டை அது. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் யுடிசியாகவும் படிக்கின்றன. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணி அதிகாலை 4.30 ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே முறையில் படிக்க வைத்தால் சண்டை தீரும்.

ஏழு நிமிஷம், பதினெட்டு விநாடி என்று ஒழுங்கில்லாமல் தப்பா? அப்போதுதான் ஒத்துப்பார்க்கும் சர்வீஸைச் சந்தேகப்படு. அது ஓடுகிறதா, எந்த சர்வரைக் கேட்கிறது, என்டிபியின் 123-ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பார்.

வருஷமே பின்னால் போய்விட்டதா? காசு பேட்டரி செத்துவிட்டது. பேட்டரியை மாற்று.

மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணைப் பார்க்காதே, ஊர்ப் பெயரைப் பார். விண்டோஸ் பட்டியலில் 5.30 என்று இரண்டு வரி இருக்கிறது. ஒன்றில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி. மற்றொன்றில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர. எண் ஒன்றாக இருக்க இரண்டு வரி எதற்கு? இலங்கையில் மின்பற்றாக்குறை காரணமாக 1996 மே மாதம் மணியை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30-க்குத் திரும்பினார்கள். இன்றைக்கு எண் ஒன்றானாலும் வரலாறு வேறு. பழைய ஃபைலின் தேதியைச் சரியாகச் சொல்ல அந்த வரலாறு வேண்டும்.

"நமக்கு எதுக்குப்பா இது?"

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "நம்ம நாட்டில்தான் டேலைட் சேவிங் இல்லையே?" உண்மைதான், இப்போது இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியாவிலும் மணியை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். அதை விடுங்கள். நம்மில் எத்தனை பேர் நாளைக்கு வெளிநாட்டு வேலை நடக்கும் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கப் போகிறோம்! மார்ச்சில் அமெரிக்கா மாறும். அதே மாதக் கடைசி ஞாயிறு ஐரோப்பா மாறும். இடைப்பட்ட நாட்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மாறிப் போகும். சிஸ்டம் ஆளாக உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாமல் முடியுமா?

இன்னும் சிலர், "எல்லாம் ஆட்டோமேட்டிக்கா மாறிடும்" என்கிறார்கள். மாறும், விதி புதிதாக இருந்தால். அமெரிக்கா 2005-இல் சட்டம் கொண்டுவந்து, 2007 முதல் டேலைட் சேவிங்கை ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. திருத்தம் போடாத கம்ப்யூட்டர்கள் 2007 மார்ச் 11 முதல் மூன்று வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடின. லெபனானில் 2023 மார்ச்சில், மணியை மாற்ற வேண்டிய நாளுக்குச் சில நாள் முன்பு "இப்போது மாற்ற வேண்டாம்" என்று அரசு அறிவித்தது. பாதிப் பேர் ஏற்றார்கள், பாதிப் பேர் மறுத்தார்கள். பழைய விதியை வைத்திருந்த போன்கள் தாமாக மாறிக்கொண்டன. ஒரே நாட்டில் இரண்டு மணி! சில நாளில் அரசே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சட்டம் போடுவது மனிதன்; அதை கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதும் மனிதன்தான். அந்த வேலைக்குத்தான் நாம் படிக்கிறோம்.

நம் லேபில் என்ன செய்யலாம்?

நம் லேபில் ஃபால்ட் என்றால் முதலில் ரீஸ்டார்ட், அப்புறம் ஃபார்மட். காரணம் கேட்பதே இல்லை. பேட்டரி செத்த சிஸ்டங்களில் தினமும் கையால் தேதி வைத்துவிட்டு ப்ராக்டிகல் செய்கிறோம். "நேரமும் தேதியும்" என்று ஒரே ஒரு ப்ராக்டிகல் சேர்த்தால் என்ன? வேண்டுமென்றே மண்டலத்தை மாற்றி, பேட்டரியைக் கழற்றி, சர்வீஸை நிறுத்தி வைக்கட்டும். நாம் அளந்து பார்த்து, எந்த அடுக்கில் ஃபால்ட் என்று எழுதிய பிறகே கை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மாணவர் மன்றம் துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மறுநாள் சீனியர் அண்ணன் சர்வீஸை ஓடவிட்டு, அணைந்திருந்த சுவிட்சைப் போட்டார். மணி தானாகவே சரியானது. இரண்டு நிமிஷ வேலை. "யார் இதை நிறுத்தினது?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். ரிஜிஸ்டரில் எழுதியதையும் மாற்றச் சொன்னேன். திட்டினார், ஆனால் மாற்றி எழுதினார். அக்கா மட்டும், "விடு தம்பி, கத்துக்கத்தானே வந்திருக்கே" என்றார்கள். அந்த ராத்திரிக் கூலி அவர்களுக்குத் திரும்ப வரவில்லை.

நாம் கற்றுக்கொள்வதற்கு அடுத்தவர் கூலி செலவாகக் கூடாது நண்பர்களே. தப்பு செய்வதாக இருந்தால் அதை நம் லேபிலேயே செய்து முடித்துவிட்டுப் போவோம்.