பத்தில் அடங்காத பங்கு

சென்ற நோன்புக்கு முன்னர் எங்கள் உறவினர் வீடொன்றில் ஒரு தாளைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் மௌத்தாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கடனும் வஸிய்யத்தும் போக அவர் விட்டுச் சென்றது 40 பேர்ச் காணி. பங்குக்குரியவர்கள் நால்வர்: மனைவி, ஒரே மகள், வயதான தாய், ஒரு சகோதரர். தாளில் நூற்றுக்கு எத்தனை என்று எழுதியிருந்தது. மனைவிக்கு 12, மகளுக்கு 50, தாய்க்கு 16, சகோதரருக்கு 20.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 98தான் வந்தது.

"மாமா, ரெண்டு குறையுதே" என்றேன்.

"அது புள்ளிக்குப் பின்னால உள்ளது மகள். சின்னக் கணக்கு" என்றார்.

40 பேர்ச்சில் நூற்றுக்கு இரண்டு என்பது 0.8 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே அந்தச் சின்னக் கணக்கு ஏறத்தாழ 218 சதுர அடி நிலம். ஒரு நல்ல அறையை அதில் கட்டிவிடலாம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கைபேசியில் வகுத்தார்கள், புள்ளிக்குப் பின்னால் வந்ததை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வெட்டுப்பட்டது யாருடைய பங்கு? மகளின் 50 முழுதாக நின்றது. மனைவியிடமும் தாயிடமும் சகோதரரிடமும்தான் குறைந்தது.

இது ஏன் நடந்தது? சூறா அந்நிஸாவில் வாரிசுகளுக்குக் குறிக்கப்பட்ட பங்குகள் ஆறு: அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. அந்த வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு அரை, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது சகோதரருக்கு. இவற்றை நூற்றுக்கு மாற்றினால் 12.5, 50, 16.666…, 20.833… என்று வரும். கடைசி இரண்டும் முடிவதே இல்லை. பத்தை இரண்டாலும் ஐந்தாலும் மீதியின்றி வகுக்கலாம், மூன்றால் முடியாது. நாம் எண்ணுவதற்கு அடியாகப் பத்தை வைத்திருப்பதால் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் நமக்கு என்றைக்கும் முடியாத எண்கள்.

அடியைப் பன்னிரண்டு என்று வைத்துப் பாருங்கள். அப்போது புள்ளிக்கு அடுத்த இடம் பன்னிரண்டில் ஒன்றைக் குறிக்கும், அதற்கடுத்தது நூற்று நாற்பத்து நான்கில் ஒன்றை. அரை 0.6, கால் 0.3, மூன்றில் ஒன்று 0.4, மூன்றில் இரண்டு 0.8, ஆறில் ஒன்று 0.2, எட்டில் ஒன்று 0.16. ஆறு பங்குகளும் முடிந்துவிடுகின்றன!

பன்னிரண்டு நமக்குப் புதிதும் அல்ல. என் உம்மம்மா தொழுது முடித்துத் தஸ்பீஹ் ஓதும்போது பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார். விரலுக்கு மூன்று, கைக்குப் பன்னிரண்டு. இரண்டு சுற்று முடிந்து மூன்றாம் சுற்றில் மூன்றாவது விரல் முடியும் இடத்தில் 33. ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அப்படியானால் பத்தைக் கைவிட்டுப் பன்னிரண்டுக்கு மாறிவிடலாமா? அப்படிக் கேட்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1944இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. காரணம் நமது மார்க்கத்திலேயே இருக்கிறது. ஸகாத் நாற்பதில் ஒன்று. பத்தடியில் அது 0.025 என்று அழகாக முடிகிறது. பன்னிரண்டில் எழுதினால் முடியாது, ஏனெனில் நாற்பதுக்குள் ஐந்து இருக்கிறது, பன்னிரண்டுக்குள் இல்லை. ஸகாத்துக்குப் பத்து இசைகிறது, வாரிசுரிமைக்குப் பன்னிரண்டு இசைகிறது. பழந்தமிழ்க் கணக்கிலும் இதே நிலைதான். நாற்பதில் ஒன்றுக்கு அரைமா, எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர்கள் உண்டு. மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் தனிப்பெயர் இல்லை.

கணினியின் அடி இரண்டு. எங்கள் உயர்தர வகுப்பில் பைத்தனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டுகிறது. பத்தில் ஒன்று துவிதத்தில் முடிவதில்லை. அதுவும் எங்கோ வெட்டித்தான் ஆகவேண்டும். எல்லாப் பின்னங்களையும் முடித்துத் தரும் அடி என்று ஒன்று இல்லவே இல்லை.

நமது திருகோணமலையில் யாரும் பத்தில் மட்டும் வாழவும் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்கிறார்கள். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், அது ஆறு அடி. நகைக்கடையில் எட்டுக் கிராம் ஒரு பவுண், அதை அரை, கால் என்று பாதி பாதியாகக் குறைக்கிறோம். மணிக்கூடு அறுபதில் ஓடுகிறது. வேலைக்கு ஏற்ற அடியை மக்கள் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நமது அறிஞர்களும் அப்படித்தான் செய்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இந்திய எண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரது அல்ஜிப்ரா நூலில் பெரிய பகுதியொன்று வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே. ஸமர்கந்தில் அல்-காஷி 1427இல் முடித்த 'மிஃப்தாஹ் அல்-ஹிஸாப்' நூலில் தசம பின்னங்களை விளக்கினார், வானியலாளரின் அறுபதடிக் கணக்கையும் அருகிலேயே வைத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடவில்லை.

நாமோ துவிதத்தைக் கணித வகுப்பில் பரீட்சைக்காகப் படிக்கிறோம். பங்குகளை இஸ்லாம் பாடத்தில் மனனம் செய்கிறோம். இரண்டும் ஒரே கேள்வி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பாடவேளையாவது இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும் என்பதே என் கருத்து. பங்கு பிரிக்கும்போது பெண்கள் உள்ளறையில் இருக்கிறோம். தாள் வருகிறது, கையெழுத்து வைக்கிறோம். அல்லாஹ் குறித்துத் தந்த பங்கு சரியாக வந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கத் தெரியாவிட்டால், எமது உரிமை மற்றவர் கைபேசித் திரையின் அகலத்தைப் பொறுத்ததாகிவிடும்.

அந்த வீட்டுக் கணக்குக்கு நூறு வேண்டியதில்லை. 24 போதும். மனைவிக்கு 3, மகளுக்கு 12, தாய்க்கு 4, சகோதரருக்கு 5. கூட்டினால் 24, மீதி இல்லை. 40 பேர்ச்சில் அவை 5, 20, 6⅔, 8⅓. அன்று இதை எழுதி மாமாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுப் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பெற்றோரே, இன்றிரவு இந்தக் கணக்கை உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். சகோதரிகளே, கைபேசியை எடுக்கமுன் ஒரு தடவை விரல் கணுக்களைப் பாருங்கள்.