மென்துண்டத்தையும் எழுதுங்கள்

ஷோர் ஏ அளவில் 85 காட்டும் இரண்டு பொலியூரேத்தேன் தகடுகளைக் கையால் தொட்டு வேறுபடுத்த முடியாது. ஒன்றின் மென்துண்டம், அதாவது சங்கிலியின் நெகிழும் பகுதி, பொலியெசுத்தர், மற்றதினுடையது பொலியீதர் என்றால், கண்டியின் ஈரத்தில் சில வருடங்கள் கிடந்தபின் வேறுபாடு தானாகத் தெரியும். எசுத்தர்ப் பிணைப்பை நீர் அறுக்கிறது. அப்போது உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதையும் விரைவாக்குகிறது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்த சப்பாத்தின் அடி உதிர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். ஈதர் நீரைத் தாங்கும். ஆனால் ஒட்சியேற்றத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும். இவ்வளவு தெரிந்திருந்தும், நம் கட்டுரைகளிலும் விலைமனுக் கோரல்களிலும் “பொலியூரேத்தேன், ஷோர் ஏ 85” என்பதோடு விவரம் முடிந்துவிடுகிறது. இது போதவே போதாது.

சங்கிலியின் விறைத்த பகுதியான வன்துண்டமும் மென்துண்டமும் ஒன்றோடொன்று முழுமையாகக் கலக்காமல் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்பதே இப்பொருளின் மீள்தன்மைக்குக் காரணம் என்பதை 1966இல் கூப்பரும் டொபோல்ஸ்கியும் விளக்கினர். ஐதரசன் பிணைப்பால் இறுகிய வன்பகுதிகள் வல்கனைசு செய்யாமலே சங்கிலிகளைப் பிடித்துவைக்கின்றன. அந்தப் பிரிவு எவ்வளவு தெளிவானது என்பதைத் துண்டங்களின் நீளமும் முனைவுத்தன்மையும், வார்த்தபின் பொருள் ஆறிய விதமும் முடிவுசெய்கின்றன. கடினமானி இவற்றில் எதையும் காட்டாது.

மூலப்பொருட்களின் பெயரும் போதாது என்பதற்கு இதய முடுக்கியின் கம்பி உறை மிகத் தெளிவான சான்று. பெலத்தேன் 80ஏ, 55டி என்ற இரு பொலியூரேத்தேன் வகைகளுக்கும் மூலப்பொருட்கள் ஒன்றே: எம்டிஐ என்ற டைஐசோசயனேற்று, பியூட்டேன்டையோல், பொலிதெத்ராமெதிலீன் ஈதர். விகிதம்தான் வேறு. ஈதர் கூடிய 80ஏ, 1980களில் உடலுக்குள் வெடிப்புக் கண்டது. ஈதர் குறைந்த 55டி பெரிதும் தாங்கியது. உட்பொருட்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் படித்த எவரும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

மலைநாட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கிராம் நீர் ஏறத்தாழ 14 கிராம் எம்டிஐயைத் தின்றுவிடும். 0.1 சதவீத ஈரம் ஏறிய பொலியோல் ஒரு கிலோகிராமில் இருப்பது அந்த ஒரு கிராம்தான். அத்தாக்கத்தில் எழும் காபனீரொட்சைட்டுக் குமிழியைக் கண்டு வருந்துகிறோம்; கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதைவிடப் பெரிது. நாம் திட்டமிடாத யூரியாப் பிணைப்புகள் வன்துண்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. அவை யூரேத்தேனைவிட வலுவாக ஐதரசன் பிணைப்புக் கொள்வதால், ஒக்டோபர் மழையில் வார்த்த மாதிரியும் பெப்ரவரியில் வார்த்த மாதிரியும் ஒரே செய்முறையில் வந்த இரு வேறு பொருட்களாகிவிடலாம். பொலியோலை வெற்றிடத்தில் உலர்த்திய நேரத்தையும் வெப்பநிலையையும் ஆய்வாளர்கள் அவசியம் பதிய வேண்டும்.

இனி நம் இறப்பர். பால் உறைய அசற்றிக்கமிலம் உதவும் என்று ஜோன் பார்க்கின் காட்டியது பேராதனைத் தாவரவியல் பூங்காவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அந்த மண்ணில் இயற்கை இறப்பரையே மென்துண்டமாக்கும் எண்ணம் எழுவது இயல்பு, அதை மனதார வரவேற்கிறேன். கேரள ஆய்வாளர்கள் இதில் முன்னே சென்றவர்கள்: ஐதரசன் பேரொட்சைட்டும் ஒளியும் கொண்டு சங்கிலியைக் குறுக்கி, ஐதரொட்சில் முனைகளுள்ள திரவ இறப்பர் செய்து, அதை டைஐசோசயனேற்றுடனும் டையோலுடனும் இணைத்தார்கள். வன்துண்டத்தைக் கூட்டக் கூட்ட மென்மையான இறப்பர் விறைத்த பிளாத்திக்காக மாறியது. மென்துண்டத்தின் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையோ −60 பாகை செல்சியசை ஒட்டியே நின்றது, அதாவது இரண்டும் கலக்கவேயில்லை.

முழுப் பிரிவு என்பதைப் பலர் வெற்றியாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முனைவற்ற இறப்பரும் முனைவுள்ள யூரேத்தேனும் தாக்கத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டால் சங்கிலி நீளாது. எல்லைப்பரப்பிலும் பிடிப்பு இராது. இழுத்தால் அங்கேதான் கிழியும். திரவ இறப்பரைச் சிறிதளவு எப்பொக்சியேற்றி முனைவுத்தன்மையை ஏற்றிப் பார்க்கலாம். எத்தனை சதவீதத்தில் பிடிப்பு வலுக்கிறது, எதற்குமேல் குளிரில் நெகிழ்வு கெடுகிறது என்று படிப்படியாக அளந்த கட்டுரை ஒன்றைப் பேராதனையிலிருந்தோ அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தோ எதிர்பார்க்கிறேன். துண்டங்களின் மூலக்கூற்று நிறையும் வன்துண்டச் சதவீதமும் அதில் இருக்குமானால், எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வுக்கும் இவ்விதழில் இடமுண்டு.