கண்ணைத் தாழ்த்தினால் குற்றவாளி, நிமிர்த்தினால் திமிரா?

"பொய் சொல்பவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். மூக்கைத் தொடுவான், கை நடுங்கும், வியர்க்கும்." இதை 'உடல்மொழி அறிவியல்' என்று யூடியூபில் விற்கிறார்கள். காவல் நிலையத்தில் இதற்கே 'அனுபவம்' என்று பெயர். இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ இருவரும் 206 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்பதை மனிதர்கள் நூற்றுக்கு 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 முறை சரியாக வரும்.

பயணிகளின் நடத்தையைப் பார்த்தே ஆபத்தானவர்களைப் பிடிக்கும் திட்டத்தை அமெரிக்க விமான நிலையங்களில் 2007இல் தொடங்கினார்கள். சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகு, 2013இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு இதற்கு ஆதாரமில்லை, நிதியைக் குறையுங்கள் என்றது. அதற்கு முந்தைய ஆண்டே பாஸ்டன் விமான நிலையத்தில் கறுப்பின மக்களையும் லத்தீன் அமெரிக்கர்களையும் குறிவைத்து நிறுத்துகிறார்கள் என்று அங்கு பணிபுரிந்த அதிகாரிகளே புகார் சொன்னார்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் பார்ப்பவரின் வெறுப்பே அளவுகோலாகிவிடுகிறது.

அங்கே நிறவெறி செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது. செருப்பைக் கையில் எடு, துண்டை இடுப்பில் கட்டு, குனிந்து பேசு என்று தலைமுறை தலைமுறையாக நம் உடலுக்குப் பாடம் நடத்தியது இந்தச் சமூகம். அதே உடல் ஆய்வாளர் முன் நின்று கண்ணைத் தாழ்த்தினால் "எதையோ மறைக்கிறான்" என்கிறார்கள். படித்த நம் பிள்ளை நிமிர்ந்து பதில் சொன்னால் "திமிரைப் பார், பழகின குற்றவாளி" என்கிறார்கள். எப்படி நின்றாலும் முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளோடு நான் நீதிமன்றம் போய்வருகிறேன். யாருடைய நிலத்தில் கூலிக்குப் போகிறாரோ, அவருடைய உறவினர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரு அம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய குரல் நடுங்கும். அது பொய்யின் நடுக்கமா, நாளை ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்ற நடுக்கமா? மேடையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் சாட்சியின் தோரணை குறித்து நீதிபதி குறிப்பெழுத வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆவது பிரிவு. புதிய சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் கருவிச் சோதனை நடத்தக் கூடாது என்றது. கருவிக்கு இருக்கும் இந்தத் தடை அதிகாரியின் பார்வைக்கு இல்லை.

பிறப்பை வைத்தே மக்களைக் குற்றவாளிகளாக்கிய 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952இல் ஒழிந்தது. "ஆளைப் பார்த்தாலே தெரியுது" என்னும் பார்வை ஒழியவில்லை. அதற்கு அறிவியல் முத்திரை குத்தித் தருவதுதான் இந்த உடல்மொழி வகுப்புகள் செய்யும் வேலை.

காவலர் பயிற்சியிலிருந்து இந்தப் போலி அறிவியலை நீக்க வேண்டும். தோரணையை மட்டும் வைத்துச் சாட்சியத்தைத் தள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளைக் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெறுவோம். சாட்சி தடுமாறியதை மட்டுமல்ல, அவரைத் தடுமாற வைத்த கேள்வியையும் மிரட்டலையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கட்டும். "சந்தேகப்படும்படி நின்றான்" என்று எழுதும் காவலரிடம் நம் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: எப்படி நின்றிருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது?